நடுத் தண்டவாளம்

என்ஜினின் சக்கரங்கள் தண்டவாளத்தைத் தொட்டதும் நீலமாக ஒரு பொறி தெறித்தது. டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். பெட்டியின் மேல் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்துபோனது.

"லூஸ் கனெக்‌ஷன்," என்றான் கிளிஃபர்ட்.

சுவிட்சை மறுபடியும் போட்டான். பொறி. டிக். விளக்கு அணைந்தது.

பவுலின் சமையலறை வாசலில் கிறிஸ்துமஸுக்குச் சுடும் கல்கல் மாவு ஒட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் குனிந்து ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்ப்பதையும், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா ஜெயராஜ் "ஆயிடும், ஆயிடும்" என்று தலையாட்டுவதையும் பார்த்தாள். பிறகு பொம்மை ரயில் ஓடும் பலகையைப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கிட்டே வந்து இன்னொரு முறை பார்த்தாள்.

"நடு தண்டவாளம் எங்கே?"

"எடுத்தாச்சு," என்றான் கிளிஃபர்ட், கட்டியை அறுத்தெடுத்த டாக்டர் மாதிரி. "பாக்க எப்படி இருக்கு சொல்லு. அப்படியே ஒரிஜினல்."

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மரக் கட்டைகள் மேல் மெல்லிய இரண்டு தண்டவாளங்கள். கட்டைகளுக்கு நடுவே பொடிப்பொடியாக உண்மையான ஜல்லி. ஓரத்தில் துருப்பிடித்த நிறம்கூடப் பூசியிருந்தான். ஒரு மாதம் முன்பு அந்தப் பலகையை "சர்ப்ரைஸ் பண்றேன்" என்று வேனில் ஏற்றி மாரத்தஹள்ளியில் இருக்கும் தன் ஃபிளாட்டுக்குக் கொண்டுபோனபோது அதன்மேல் இருந்தது வேறு தண்டவாளம். தகரத்தில் செய்தது, தடித்தது, மூன்று கம்பிகள் கொண்டது.

ஜெயராஜ் கல்யாணத்துக்கு முன்பு, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் சாமான்களை கன்டோன்மென்டில் ஏலம் விட்டபோது வாங்கிய ரயில் அது. நீராவி என்ஜின் உருவத்தில் பச்சை நிறத்தில் ஒரு மின்சார என்ஜின், நான்கு பெட்டிகள், ஒரு டிரான்ஸ்ஃபார்மர். பிஸ்கட் கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்த அந்த மனிதருக்குத் தெருவில் ஒரு பெயர் கிடைத்தது அந்த ரயிலால்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, நடுவில் குழந்தை ஏசு பிறந்த குடில் வைத்து, குடிலைச் சுற்றி ரயில் விடுவார். ஞானிகள் ஒட்டகத்தில் வருவார்கள், அவர்களுக்குப் பின்னால் எக்ஸ்பிரஸ் போகும். யாரும் அதை விசித்திரமாக நினைத்ததில்லை. எழுபதுகளில், எண்பதுகளில் தெருப்பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் கம்பியில் தொங்குவார்கள். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலாட்டாவில் தமிழர்களை அடித்த டிசம்பரில் மட்டும் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள், ரயில் ஓடவில்லை. அடுத்த வருடம் ஓடியபோது கூட்டம் பாதியாகிவிட்டது. கேபிள் டி.வி. வந்திருந்தது. அதற்கப்புறம் வந்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரிமோட் இல்லையா அங்கிள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. அதில் கை வைக்கும் உரிமை ஜெயராஜுக்கு. கிளிஃபர்ட் சர்ச்சில் முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய வருடம் அவனுக்கும் கிடைத்தது. பவுலின் புதுநன்மை வாங்கிய வருடம் அவளும் போய்க் கேட்டாள்.

"பொம்பளப் புள்ள கைல ஷாக் அடிக்கும்," என்றார் ஜெயராஜ். "நீ மலை செய். ரயில அண்ணன் ஓட்டுவான்."

கையில் தொட்டால்கூடச் சரியாகத் தெரியாத அளவு மின்சாரம் அது. பவுலின் மலை செய்தாள். சாக்குத்துணியைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்து மலை. மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து புல். உடம்பு சிறியதாக இருந்ததால் மேசைக்கு அடியில் படுத்து ஒயர் முடுக்குவதும் அவள் வேலைதான். மேலே ஆண்கள் ரயில் விட்டார்கள். கீழே படுத்திருந்தவளுக்கு எந்த ஒயர் எங்கே போகிறது, எது கழன்றால் எது நிற்கும் என்பதெல்லாம் தெரிந்தது. இன்று நீலசந்திராவில் ஒரு பள்ளியில் அவள் இயற்பியல் ஆசிரியை. அதற்கு அந்த மேசைதான் காரணம் என்று யாராவது சொன்னால் அவளுக்கு ஆத்திரம் வரும்.

இந்த அக்டோபரில் ஜெயராஜுக்குக் கை நடுக்கம் அதிகமாகிவிட்டது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "இந்த வருஷம் நீ ஓட்டும்மா" என்றார். முப்பத்தொன்பது வயதில் ஒரு பொம்மை ரயிலுக்காக இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொன்னாள்.

இன்று காலை பலகை வந்து இறங்கியது. ஜல்லியையும் துருவையும் பார்த்த ஜெயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "கிளிஃபி இவ்வளவு பாடுபட்டிருக்கான். அவனே ஓட்டட்டும். நீ அடுத்த வருஷம் பாத்துக்கலாம், என்ன?" என்றார். பவுலின் சமையலறைக்குப் போய்க் கல்கல் மாவைப் பிசைந்தாள். மாவு அந்த அளவு அடி அதற்கு முன் வாங்கியதில்லை.

இப்போது மூன்றாவது முறையாகப் பொறி பறந்தது.

"போதும் நிறுத்து, மோட்டார் வெந்துடப் போவுது," என்றாள் பவுலின். என்ஜினைத் தூக்கிக் கவிழ்த்து அண்ணனின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். "இதப் பாரு. அடிவயித்துல கரண்டி மாதிரி ஒண்ணு இருக்கே, இது எதுக்குன்னு நெனச்சே?"

விஷயம் எளியது. மின்சாரம் வேலை செய்ய அதற்குப் போக ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி, இரண்டும் வேண்டும். பழைய தண்டவாளத்தில் நடுக் கம்பி போகும் வழி. அந்தக் கரண்டி அதன்மேல் உரசிக்கொண்டே போய் மின்சாரத்தை மோட்டாருக்கு எடுத்துக் கொடுக்கும். மோட்டாரைச் சுற்றிவிட்டு அது சக்கரம் வழியாக இறங்கி இரண்டு பக்கத் தண்டவாளங்களிலும் திரும்பிவிடும். திரும்பும் வழி இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால், இந்தப் பக்கச் சக்கரத்தையும் அந்தப் பக்கச் சக்கரத்தையும் பிரித்து வைக்க வேண்டிய அவசியம் செய்தவர்களுக்கு இருக்கவில்லை. சக்கரம் இரும்பு, அச்சும் இரும்பு. பிற்காலத்து ரயில்களில் அப்படி இல்லை. அவற்றில் இடது தண்டவாளம் போகும் வழி, வலது தண்டவாளம் வரும் வழி. அதனால் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் பிளாஸ்டிக் வைத்திருப்பார்கள். கிளிஃபர்ட் போட்டது பிற்காலத்துத் தண்டவாளம். அதன்மேல் முற்காலத்து என்ஜினை வைத்ததும், ஒவ்வொரு அச்சும் இடதையும் வலதையும் சேர்த்துவிட்டது. மோட்டார் பக்கமே போகாமல் மின்சாரம் குறுக்கே பாய்ந்தது. பெட்டிக்குள் இருந்த காவல் சுவிட்ச் 'டிக்' என்று விழுந்து மின்சாரத்தை நிறுத்தியது.

"டெஸ்ட் பண்ணப்போ லைட் எரிஞ்சுதே," என்றான் கிளிஃபர்ட்.

"என்ஜின் இல்லாம டெஸ்ட் பண்ணே."

"டாடிதான் என்ஜின வீட்ட விட்டு வெளிய அனுப்ப மாட்டேன்னாரு."

"பழைய தண்டவாளம் எங்கே? கொண்டா. நானே திருப்பிப் போடறேன்."

கிளிஃபர்ட் காதைச் சொறிந்தான். "அது குஜிரிக்காரன்கிட்டப் போயிடுச்சு பவுலி. பழைய பேப்பரோட."

"யாரைக் கேட்டுக் குடுத்தே? நான் படுத்துக் கெடந்து முடுக்கின தண்டவாளம் அது! யாரைக் கேட்டே?"

"கத்தாதே. பக்கத்து வீட்ல கேக்கும்."

"கேக்கட்டும்!"

"நான்தாம்மா சொன்னேன்," என்றார் ஜெயராஜ்.

அவள் திரும்பினாள்.

"எத்தன வருஷமா மானம் போவுது தெரியுமா? வர்ற பசங்க எல்லாம் அதே கேள்வி. 'நிஜ ரயிலுக்கு ரெண்டுதானே அங்கிள், உங்களுதுக்கு ஏன் மூணு?' என்னன்னு சொல்றது? எனக்கே தெரியல. அசிங்கமா இருந்துச்சு. கிளிஃபி கேட்டான், வேற என்ன மாத்தணும்னு. அந்த நடுவுல இருக்கறத எடுத்துடுடான்னேன்."

நாற்பது வருடங்களுக்கு மேலாகக் குமிழைப் பிடித்த கை. அந்தக் கம்பி எதற்கு என்று ஒருநாள்கூட அவருக்குத் தோன்றவில்லை. மேசைக்கு அடியில் கிடந்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அவள் பத்து வயதிலேயே சொல்லியிருப்பாள்.

"என்னக் கேட்டிருக்கலாமே," என்றாள்.

"உன்ன என்னத்துக்கும்மா தொந்தரவு பண்ணணும்?"

சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்த கிளிஃபர்ட்டின் மகள் குளோரியா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "எல்லாரும் ஒரு பொம்மைக்கா சண்ட போடறீங்க? என் கம்ப்யூட்டர்ல நான் நிஜ ட்ரெயினே ஓட்டறேன். பிரேக் பிரஷர் பாக்கணும், சிக்னல் பாக்கணும், லேட்டா போனா மார்க் கட். இது சும்மா ரவுண்டு ரவுண்டா சுத்துது."

"அது பொம்மை, இது ரயில்!" என்றார் ஜெயராஜ்.

"டாடி, ரெண்டுமே மாடல்தான்," என்று ஆரம்பித்தான் கிளிஃபர்ட். நாற்பது வயதுக்கு மேல் இந்தப் பைத்தியம் அவனுக்கு இன்டர்நெட் வழியாகத் திரும்பி வந்திருந்தது. உலகமெங்கும் இருக்கும் ஆண்கள் அதில் தங்கள் ஜல்லியின் நிறத்தைப் பற்றி விவாதித்தார்கள். "என் குரூப்ல ஒருத்தர் இருக்காரு. ரிவெட் எண்ணிக்கை தப்பா இருந்தா அந்த மாடலையே உடைச்சுடுவாரு. புதுசா ஒரு என்ஜின் ஆர்டர் பண்ணிடறேன். பிப்ரவரில வந்துடும். இத ஷோகேஸ்ல வெச்சுடலாம்."

"பிப்ரவரில யாருக்குடா குடில்?" என்றார் ஜெயராஜ். "இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் சர்ச் ஃபாதர் குடில் பாக்க வர்றாரு. பக்கத்து வீட்டு லட்சுமம்மாகிட்ட வேற சொல்லி வெச்சிருக்கேன், இந்த வருஷம் ரயில் புதுசுன்னு."

ஜெயராஜ் பவுலினை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். ஃபியூஸ் போனால், கேஸ் அடுப்பு எரியாவிட்டால் வரும் பார்வை.

"டீச்சரம்மா, நீ ஏதாச்சும் பண்ணேன்."

"பண்றேன்," என்றாள் பவுலின். "ஆனா நான்தான் ஓட்டுவேன். அவனில்ல, நீங்களுமில்ல. அந்தக் குமிழ் என் கைல இருக்கணும்."

"சரிம்மா, சரி. மொதல்ல ஓட வை."

என்ஜினை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, கல்கல் மாவை அப்படியே விட்டுவிட்டு, அவள் இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்குப் போனாள்.

சக்கரங்களைக் கழற்றிப் பிளாஸ்டிக் வைக்க லேத்தும் வேண்டும், நாளும் வேண்டும். இரண்டும் இல்லை. சாப்பாட்டு மேசையில் என்ஜினை வைத்துக்கொண்டு அவள் அதை முறைத்துப் பார்த்தாள். இந்தச் சக்கரங்கள் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்தே தீரும். சரி, சேரட்டும். சேர்ந்தால் இரண்டும் ஒரே வழி, திரும்பி வரும் வழி. போகும் வழி ஒன்றுதான் குறைகிறது. கீழே இடமில்லை. அப்படியானால் மேலே.

சென்னைப் பக்கமிருந்து கன்டோன்மென்டுக்கு வரும் ரயில்கள் எல்லாம் அப்படித்தானே வருகின்றன? தலைக்கு மேலே கம்பி. என்ஜின் கூரையிலிருந்து ஒரு சட்டம் நிமிர்ந்து அந்தக் கம்பியை உரசிக்கொண்டே போகும். மின்சாரம் மேலே வாங்கிக் கீழே தண்டவாளத்தில் விடும். எந்த நிலையத்திலும் நின்று பார்க்கலாம். பார்த்திராதது ஒன்றுதான், நீராவி என்ஜினின் புகைபோக்கியிலிருந்து அப்படி ஒரு சட்டம் முளைத்தது.

"ஓஸ்வால்ட்!" என்று கூப்பிட்டாள். அவள் கணவன் தினசரியை மடித்துக்கொண்டு வந்தான். "எஸ்.பி. ரோடு போயி மேல்பூச்சு இல்லாத செம்புக் கம்பி வாங்கிட்டு வா. அப்படியே சைக்கிள் கடைல பழைய ஸ்போக்ஸ் கேளு, எவ்வளவு குடுத்தாலும் சரி."

"சாப்பாடு?"

"ஊறுகாய் இருக்கு, தயிர் இருக்கு."

ஓஸ்வால்ட் அவள் முகத்தைப் பார்த்தான். "யார் மேல கோவம்?"

"எல்லார் மேலயும்."

"நானும் அதுல வர்றேனா?"

"கம்பி வர்ற வரைக்கும் இல்ல."

அவன் போனான். அவள் என்ஜினைப் பிரித்தாள். அடிக் கரண்டியிலிருந்து மோட்டாருக்குப் போன ஒயரை வெட்டினாள். புது ஒயர் ஒன்றை மோட்டாரில் பற்றவைத்து, புகைபோக்கி வழியாக மேலே இழுத்தாள். புகைபோக்கி தகரம். ஒயர் அதில் பட்டால் மின்சாரம் என்ஜின் உடம்புக்குள் இறங்கி மறுபடியும் அதே குறுக்குப் பாய்ச்சல்தான். ஒயரைச் சுற்றி ரப்பர் குழாய் மாட்டினாள். உச்சியில், பள்ளி ஆய்வகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த மின்சார மணியின் பித்தளைத் தகட்டை வில்லாக வளைத்துக் குறுக்கே வைத்தாள். தகடு அகலமாக இருக்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. தண்டவாளம் வளையும், கம்பி வளையாது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே அது நேர்க்கோட்டில்தான் நிற்கும். எனவே வளைவில் என்ஜினுக்கு மேலே கம்பி கொஞ்சம் உள்ளே போகும், கொஞ்சம் வெளியே வரும். தகடு குறுகலாக இருந்தால் கம்பி நழுவிவிடும். நிஜ ரயில் பாதையில், நேரான இடத்தில்கூட வேண்டுமென்றே கம்பியை இடமும் வலமுமாகக் கட்டுவார்கள். ஒரே இடத்தில் உரசினால் அந்த இடத்தில் சட்டம் பள்ளமாகத் தேய்ந்துவிடும் என்பதற்காக.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். அந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். அவள் தகட்டை இன்னும் கொஞ்சம் வேகமாகத் தேய்த்தாள்.

இருபத்து நான்காம் தேதி மத்தியானம் பலகையில் வேலை நடந்தது. தண்டவாளத்தின் ஓரமாக, கிளிஃபர்ட்டின் ஜல்லியில் அவள் ஆணியால் ஓட்டை போட்டு சைக்கிள் ஸ்போக்குகளை நட்டாள். ஒவ்வொரு குத்துக்கும் அவன் முகம் சுளித்தது. ஸ்போக்கின் வளைந்த தலைகளில் செம்புக் கம்பியைக் கட்டினாள். பிறகு இரண்டு தண்டவாளங்களையும் ஒரு துண்டு ஒயரால் ஒன்றாகச் சேர்த்தாள். டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு ஒயர் தண்டவாளத்துக்கு. இன்னொன்றின் நுனியில் பல் வைத்த ஒரு கிளிப், அது மேல்கம்பிக்கு.

கிளிஃபர்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நீராவி என்ஜினுக்குக் கரண்ட் கம்பி! பவுலி, இத எவனாவது போட்டோ எடுத்து எங்க குரூப்ல போட்டான்னா என்ன வெளிய தொரத்திடுவாங்க."

"தொரத்தட்டும். வீட்டுக்கு வந்து கல்கல் சுடு."

"ஒரு மாசம் ஒக்காந்து ஒட்டின ஜல்லிடி. குனிஞ்சு குனிஞ்சு முதுகே போச்சு. பாத்துப் பண்ணேன்."

"நீ என்னைப் பாத்தா பண்ணே?"

அவன் உதிர்ந்த ஜல்லியைப் பொறுக்கினான்.

சாயங்காலம் வந்தது. லட்சுமம்மா தன் மருமகளோடு பக்கத்து வீட்டிலிருந்து வந்து, குடிலைக் கும்பிட்டுவிட்டு, கம்பிகளை அண்ணாந்து பார்த்தாள். "இது ஏனு பவுலினு? துணி ஒணத்தவா?"

"குழந்த ஏசுவோட துணி," என்றான் ஓஸ்வால்ட். லட்சுமம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தெருவிலிருந்து இன்னும் நாலைந்து பேர் வந்து சுவரோரம் நின்றார்கள். ஃபாதர் இரண்டு வீடு தள்ளி வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

பவுலின் குனிந்து கடைசிக் கம்பத்தை நிமிர்த்திவிட்டு எழுந்தபோது, டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் இருந்த நாற்காலியில் ஜெயராஜ் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை. கை குமிழின்மேல் இருந்தது.

"எழுந்திருங்க டாடி."

"ஒரே ஒரு ரவுண்டும்மா. ஃபாதர் வர்ற நேரத்துக்கு ஆரம்பிச்சுக் குடுக்கறேன். அப்புறம் நீதான்."

"சொன்னது என்ன?"

"சொன்னேன், இல்லன்னு சொல்லலியே. எல்லாரும் வந்திருக்காங்க, இப்ப போயி..."

"எல்லாரும் வந்திருக்காங்கன்னுதான் சொல்றேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பெட்டியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு குமிழைத் திருப்பினார். விரல்கள் நடுங்கின. ரயில் அசையவில்லை. இன்னும் திருப்பினார். கடைசிவரை திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை.

ஏனென்றால் கிளிப் பவுலினின் கையில் இருந்தது.

"பவுலி, சீன் போடாத. பண்டிக நாளு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் கிளிஃபர்ட்.

"பவுல்..." என்று ஆரம்பித்த ஓஸ்வால்ட் அவள் பக்கம் பார்த்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு ரோஸ் குக்கியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"ஹோக்லி பிடும்மா, போவட்டும் விடு, வயசானவரு," என்றாள் லட்சுமம்மா.

"நான் கொழந்தையா இருந்தப்ப அவரு வயசானவரா லட்சுமம்மா? அப்பவும் இதேதான் சொன்னாரு." பவுலினின் குரல் ஏறியது. "மலை நான் செஞ்சேன். புல்லு நான் செஞ்சேன். அடில படுத்து ஒயர் முடுக்கினேன். போன வாரம் செத்துக் கெடந்த ரயில நான் எழுப்பிக் கொண்டாந்திருக்கேன். அது எப்படி ஓடுதுன்னுகூட உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. எழுந்திருங்க."

ஜெயராஜ் எழுந்தார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக, எல்லோரும் பார்க்க எழுந்தார். "உங்கம்மா இருந்திருந்தா இப்படிப் பேசுவியா?"

"அம்மாவையும்தான் நீங்க தொட விடல."

அவர் வாசலைத் தாண்டி வெளியே போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளிஃபர்ட் அவர் பின்னால் போனான். யாரோ ஒரு ஆள் செருமினார். நட்சத்திர விளக்கு ஜன்னலில் அணைந்து அணைந்து எரிந்தது.

பவுலின் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். கிளிப்பைக் கம்பியில் மாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. குமிழைத் திருப்பினாள்.

என்ஜின் முனகியது, ஒரு துள்ளு துள்ளியது, கிளம்பியது. புகைபோக்கியின் உச்சியில் பித்தளைத் தகடு கம்பியில் உரசி, கம்பங்களைத் தாண்டும் இடத்திலெல்லாம் பச்சையாகச் சின்னப் பொறிகளை உதிர்த்தது. பார்க்க அவலட்சணமாக இருந்தது. தலையில் சூலாயுதம் வைத்த ஆட்டுக்கடா மாதிரி அது ஞானிகளுக்குப் பின்னால் ஓடி, வளைவில் கம்பி உள்ளே நழுவ நழுவத் தகட்டின் விளிம்புவரை போய், அங்கிருந்து தப்பித்து வெளியே வந்தது. லட்சுமம்மா கை தட்டினாள்.

குளோரியா சோபாவிலிருந்து இறங்கி வந்து பலகை விளிம்பில் முகவாயை வைத்தாள். "ஆன்ட்டி, அந்த ஸ்பார்க் ஏன் வருது?"

"தகடு கம்பத்துகிட்ட துள்ளுது. துள்ளும்போது கம்பிய விடுது. விட்ட எடவெளில கரண்ட் தாவுது."

"என் கேம்ல இது இல்ல," என்றாள் குளோரியா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தப்பா ஓடுது, ஆனா நல்லா இருக்கு," என்றாள்.

பவுலின் ரயிலை வேகமாக விட்டாள். மெதுவாக விட்டாள். குடிலுக்கு முன்னால் நிறுத்தி மறுபடியும் எடுத்தாள். வலது பக்கம் திருப்பினால் வேகம். இடது பக்கம் திருப்பினால் நிதானம். முழுக்க இடது பக்கம் திருப்பினால் நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் சுற்றவிட்டாள். வேறு ஏதாவது இருக்கும், கைக்கு மட்டும் தெரிகிற ஏதோ ஒன்று வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வேலையெல்லாம் கம்பியில் இருந்தது, தகட்டில் இருந்தது, அடியில் படுத்துக் கண்டுபிடித்ததில் இருந்தது. குமிழில் ஒன்றுமே இல்லை.

இதற்காகவா? இதை வைத்துக்கொண்டா இத்தனை வருடம்? புதிதாக ஒரு கோபம் வந்தது. கொடுத்திருந்தால் இரண்டு நாளில் அலுத்துப்போயிருக்கும். அவளே திருப்பிக் கொடுத்துவிட்டு மேசைக்கு அடியில் போயிருப்பாள்.

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஃபாதர் உள்ளே வந்தார், அவருக்குப் பின்னால் ஜெயராஜும் கிளிஃபர்ட்டும். ஃபாதர் குடிலைப் பார்த்தார், கம்பிகளைப் பார்த்தார், பொறி பறக்க வந்த நீராவி என்ஜினைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"அடடே! யாரு ஓட்டறது?"

"எங்க வீட்ல எப்பவும், ஃபாதர்..." என்று ஜெயராஜ் ஆரம்பித்தார்.

"நான்தான் ஃபாதர்," என்றாள் பவுலின், தலையைத் திருப்பாமல்.

ஜெயராஜ் நின்ற இடத்திலேயே நின்றார். ரயில் அவரைக் கடந்து போனது, மறுபடியும் கடந்து போனது. கிளிஃபர்ட் அவள் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்தான். அவன் குரலில் இப்போது கேலி இல்லை. "நல்லாத்தான் ஓடுது பவுலி. எனக்கு ஒரு ரவுண்டு குடேன்."

"அடுத்தது நான்," என்றாள் குளோரியா. "ஆன்ட்டி, நான் கேட்டேன், நான்தான் மொதல்ல."

"இன்னிக்கு யாருக்கும் கெடையாது," என்றாள் பவுலின். குமிழைத் திருப்பித் திருப்பி அலுத்து அவள் மணிக்கட்டு ஏற்கெனவே வலிக்கத் தொடங்கியிருந்தது. "ஓரமா நில்லுங்க. கம்பி ஆடுது."